வாயால் சொன்ன விலை

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருடம் விருதுநகரில் உட்கார்ந்து, பழைய வண்டிகளைப் பார்த்து விலைமதிப்பு எழுதிக் கொடுத்தவன் நான். வங்கிக்காரர்கள், இன்சூரன்ஸ்காரர்கள், பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பிகள் என்று எல்லோருக்கும் எழுதியிருக்கிறேன். அத்தனை அறிக்கைகளில் ஒன்றே ஒன்றுதான் என் முகத்துக்கு நேராகக் கிழித்துப் போடப்பட்டது. மற்றவற்றில் என்ன எழுதினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. கிழிபட்ட அந்த ஒன்று மட்டும் வரிவரியாக நினைவிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. இன்றைக்கு வந்து கேட்டாலும் அதே விலையைத்தான் சொல்வேன்.

நீங்கள் கைப்பேசியில் எட்டுப் படம் எடுத்து, வண்டியைத் தொடாமலே பத்து நிமிஷத்தில் மதிப்பு அனுப்பிவிடுகிறீர்கள். நான் கேலி செய்யவில்லை. சரி, கொஞ்சம் கேலிதான். ஆனால் என் இளவயதில் நானும் பெயிண்டைப் பார்த்து விலை எழுதினவன்தான். என் எழுத்தை நம்பி ஒரு பருப்பு மண்டிக்காரர் பளபளவென்று ஒரு பழைய கார் வாங்கினார். பூஜை போட்டார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஏறி உட்கார்ந்து பிரேக்கை ஓங்கி மிதித்தார். கால் காரின் தரையைப் பொத்துக்கொண்டு ரோட்டில் போய் நின்றது. பெயிண்டுக்கும் பாய்க்கும் அடியில் இருந்ததெல்லாம் துருதான். ஒரு கால் காருக்குள்ளும் ஒரு கால் தெருவிலுமாக மாட்டிக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வைக்கு நான் ஃபீஸ் வாங்கியிருக்கவே கூடாது. அன்றிலிருந்து எந்த வண்டியானாலும் முதலில் மண்டியிட்டுத் தரையைத்தான் பார்ப்பேன்.

இப்போது அந்தக் காருக்கு வருகிறேன்.

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி. பெயர் வேண்டாம். பெரிய முதலாளி காலமாகி, மகன் பொறுப்புக்கு வந்திருந்தார். வயது நாற்பதுக்குள் இருக்கும். ஊரில் அவரைச் சின்ன முதலாளி என்பார்கள். விஸ்வநத்தம் பக்கம் இருந்த அவர்களுடைய தொழிற்சாலையின் கோடியில், தகரக் கொட்டகைக்குள், ஒரு கார் பல வருடமாக நின்றுகொண்டிருந்தது. சீமையில் செய்தது. இரண்டே கதவு, மேலே துணிக்கூரை. கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் தலைக்கு மேலே வானம்தான். அந்த வட்டாரத்தில் அதை 'ஓப்பன் காரு' என்றே சொல்வார்கள். பெரிய முதலாளி கழுத்து நிறைய மாலையோடு அதில் ஊர்வலம் போனதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அரிய வண்டியா என்று கேட்டால், அரிய வண்டிதான். ஆனால் அரிது என்றதும் விலை கொள்ளையாக இருக்கும் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். எல்லோரும் ஆசைப்பட்டு அடித்துக்கொண்டதால் அரிதான வண்டிகள் உண்டு. செய்த காலத்திலேயே யாரும் சீந்தாததால் அரிதான வண்டிகளும் உண்டு. இது இரண்டாவது ரகம். பழைய கார் சேர்க்கும் பணக்காரர்கள் பெயர் பெற்ற வண்டிக்குத்தான் பணத்தைக் கொட்டுவார்கள். இதன் பெயரைச் சொன்னால், "அப்படி ஒண்ணு வந்துச்சா?" என்று நம்மிடமே கேட்பார்கள். சாமான் கிடைக்காது, உடைந்ததை லேத்தில் கொடுத்துக் கடைந்துகொள்ள வேண்டும். அதனால்தான் ஒரு பழைய சின்னக் காரின் விலைக்கே இப்படிப்பட்ட வண்டிகள் கிடைக்கும். நம்மைப் போன்றவர்களும் வைத்துக்கொள்ளக்கூடிய அபூர்வம் இது ஒன்றுதான்.

அந்தக் காரை இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் மதுரையில் ஹோட்டல் வைத்திருப்பவர். ஹோட்டல் வாசலில் நிறுத்தி, வருகிறவர்கள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லி ஒரு புரோக்கரை அனுப்பியிருந்தார். இன்னொருவர் பேச்சியம்மாள்.

பேச்சியம்மாள் எம். புதுப்பட்டிக்காரர். அப்பா அம்மா புஞ்சைக் காட்டு வேலைக் கூலிகள். இவர் பதினெட்டு வயதில் அந்தக் கம்பெனிக்குள் போய், இருபது வருடம் மருந்து உருட்டினவர். மருந்து என்றால் மாத்திரை இல்லை; பட்டாசுக்குள் போகிற வெடிக்கலவைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். பிறகு வண்டி ஓட்டக் கற்று, கடன் போட்டு ஒரு வேன் வாங்கினார். கிராமங்களில் இருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து கம்பெனி வாசலில் இறக்குவதும், சாயங்காலம் கொண்டுபோய் விடுவதும் அவர் தொழில். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அந்த ஓப்பன் காரை வெளிப்பக்கம் கழுவிச் சந்தனம் வைப்பதும் அவர்தான். உள்ளே கை வைக்க முடியாது, கதவு பூட்டியிருக்கும்.

அந்த வருட ஆயுத பூஜையில், கம்பெனியே கூடி நிற்கும்போது, சின்ன முதலாளி கற்பூரத் தட்டோடு கொட்டகைக்கு வந்திருக்கிறார். பேச்சியம்மாள் கேட்டுவிட்டார்.

"முதலாளி, இந்தக் காரை எனக்கு விலைக்குத் தாரீகளா?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"தாரேன் பேச்சி, தாராளமா எடுத்துக்கோ. விருதுநகர்ல விலை பாக்குற அண்ணாச்சி ஒருத்தர் இருக்காக. அவுக வாயால என்ன விலை சொல்றாகளோ, அதை முதல்ல யாரு கொண்டாந்து குடுக்காகளோ, வண்டி அவுகளுக்கு. போதுமா?"

அவர் விளையாட்டாகச் சொன்னார். பேச்சியம்மாள் வாக்காக எடுத்துக்கொண்டார். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்ததை அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

தீபாவளி முடிந்து கம்பெனி திறந்த முதல் வாரத்தில் எனக்கு ஆள் வந்தது. கொட்டகையில் சின்ன முதலாளி, மதுரைப் புரோக்கர், அவர் கூட்டி வந்த மெக்கானிக், ஓரமாகப் பேச்சியம்மாள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு நின்றார். கோயிலா இது என்று நினைத்துக்கொண்டேன்.

சாவி திருகிப் பார்த்துக் கதவைத் திறந்தோம். துணிக்கூரை கந்தலாகியிருந்தது. புரோக்கருக்கு அவசரம். "ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார், சத்தம் கேட்டாப் போதும்" என்று நச்சரித்தார். முதலாளிக்கு லோடு ஏற்ற லாரி காத்திருந்தது. அவரும் கடிகாரத்தைப் பார்த்தார். முதலில் தரையைப் பார்க்கிறவன் என்று மேலே பெருமையாகச் சொன்னேன் அல்லவா? அன்றைக்குப் பார்க்கவில்லை. நாலு பேர் அவசரப்படுத்தினால் நம் முப்பது வருடப் பழக்கமும் வாலைச் சுருட்டிக்கொள்ளும். என் பேட்டரியைக் கொண்டுவந்து வைத்து, இணைப்புக் கம்பியின் கிளிப்பைக் கையில் எடுத்துவிட்டேன்.

"சார், கிளிப்பைக் கீள வைங்க."

திரும்பினேன். பேச்சியம்மாள் காருக்குப் பக்கத்தில் வந்திருந்தார்.

"என்னம்மா?"

"பொறி கிறி பறந்துரும். கீள வைங்க, சொல்லுதேன்."

புரோக்கர் சிரித்தார். "வேன் ஓட்டுறவுக இஞ்சினியருக்குப் பாடம் எடுக்காக!"

பேச்சியம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பின்சீட்டுக்கும் சாய்வுக்கும் நடுவே இருந்த இடுக்கில் விரலை மெல்ல விட்டு எடுத்து, என் முன்னால் நீட்டினார். விரல் நுனியில் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் தூள். அதன் நடுவே மிளகு போல நாலைந்து உருண்டைகள்.

"துருவாம்மா இது?"

"மணிமருந்து சார். வானத்துல போயி பூவா விரியும்ல, அதுக்குள்ள இருக்குறது. ஒரு சீசன்ல காயப்போட்டிருந்தப்ப திடீர்னு மளை வந்துருச்சு. தட்டு தட்டா நனையுது. நனையாத இடம் இந்த வண்டி ஒண்ணுதான்னு பெரிய முதலாளி கதவைத் திறந்து விட்டாக. ஓடி ஓடி உள்ள அடுக்குனதுல நானும் ஒருத்தி. ரெண்டு தட்டு கவுந்துச்சு. அள்ளுனது பாதிதான். மீதி இந்தா, இங்கனதான் இருக்கு."

மதுரை மெக்கானிக் கையில் கட்டிங் மெஷின் இருந்தது. பின்பெட்டிப் பூட்டை அறுப்பதற்குத் தயாராக வைத்திருந்தார். அதைக் குழந்தையைக் கிடத்துவது மாதிரித் தரையில் வைத்துவிட்டு வெளியே போனார். புரோக்கர் அவருக்கு முன்னாலேயே போயிருந்தார். என் கையில் இருந்த கிளிப் பேட்டரி முனையில் இருந்து நாலு விரல் தூரத்தில் இருந்தது. அதற்குப் பிறகு பல நாள் என் விரலை நானே எண்ணிப் பார்த்துக்கொண்டேன், சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

இப்படி ஒரு தவறு உலகத்தில் வேறெங்கே நடக்கும்? கார் நனையக் கூடாது என்று கொட்டகை போடுவார்கள். எங்கள் ஊரில்தான் மருந்து நனையக் கூடாது என்று அதைக் காருக்குள் வைப்பார்கள். நீங்கள் எங்கே வேலை பார்த்தாலும் சரி, வண்டியின் வயதைக் கேட்பதற்கு முன்னால் அது நின்ற இடத்தில் என்ன தொழில் நடந்தது என்று கேளுங்கள். கேட்க வேண்டியது முதலாளியிடம் இல்லை, அங்கே சுமை தூக்கியவர்களிடம்.

சுத்தம் செய்யப் பேச்சியம்மாளுக்கு இரண்டு நாள் ஆனது. என் சட்டையை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாலிஸ்டர் துணியோட பக்கத்துல வராதீக, உரசுனா அதுலயும் பொறி வரும். பருத்தியில ஏதாச்சும் கட்டிட்டு வாங்க."

வாட்ச்மேனிடம் ஒரு வேட்டி இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, வெற்றுமேலோடு, வெறுங்காலோடு, தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மதிப்பீட்டாளரின் கம்பீரம் அவ்வளவுதான். அவர் முதலில் எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறவிட்டார். பிறகு ஈரச்சாக்கால் ஒற்றி ஒற்றி எடுத்தார். இடுக்கில் இருந்ததை மரச்சில்லால் வழித்தார். இரும்பு என்று ஒன்றையும் உள்ளே விடவில்லை. எடுத்ததையெல்லாம் தண்ணீர் வாளியில் போட்டுக் கம்பெனி ஃபோர்மேனிடம் ஒப்படைத்தார்.

"இந்த வண்டி மேல ஏம்மா இம்புட்டு ஆசை?" என்று கேட்டேன்.

"நாங்க வேலை பாக்குற ரூமைப் பாத்திருக்கீகளா சார்? சின்ன ரூமுக்கு நாலு பக்கமும் வாசல். காத்துக்கில்ல, ஓடுறதுக்கு. இருபது வருசம் எந்த வாசலுக்கு நான் கிட்டக்க இருக்கேன்னு பாத்துப் பாத்தே உக்காந்திருந்தேன். தலைக்கு மேல ஒண்ணுமே இல்லாத ஒண்ணுல நிம்மதியா உக்காந்து நானே ஓட்டணும். அதுக்குத்தான். வேற ஒரு காரணமும் இல்ல."

இரண்டாம் நாள் மத்தியானம் தரை தெரிந்தது. கூரை இல்லாத காருக்குத் தரைதான் முதுகெலும்பு. அது போனால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். நான் மண்டியிட்டு, குப்புறப் படுத்து, தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒரு பொட்டுத் துரு இல்லை. மழை பெய்யாமல் எங்கள் வானம் எங்களுக்குச் செய்த அத்தனை கெடுதலும் அந்தத் தரைக்கு நல்லதாக முடிந்திருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பேச்சியம்மாளும் சிரித்தார்.

அன்றைக்கே அறிக்கை எழுதினேன். நல்ல தரை, கந்தல் கூரை, சாமான் கிடைக்காது, பெயர் பெறாத வண்டி. எல்லாம் போக ஒரு பழைய சின்னக் காரின் விலை. கூடவே, 'பின்சீட்டின் அடியில் வெடிமருந்து இருந்தது, அகற்றப்பட்டது. கதவுகளின் உட்புறத்தைக் கழற்றிக் கழுவாமல் வெல்டிங் செய்யக் கூடாது' என்று இரண்டு வரி எழுதினேன்.

சின்ன முதலாளி ஆபீஸில் படித்துப் பார்த்தார். காபி வரவழைத்தார். காபி வந்தாலே ஏதோ கேட்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

"அண்ணாச்சி, ரெண்டு திருத்தம். மருந்து வரியை எடுத்துருங்க, எங்க அப்பா பேரு கெட்டுரும். அப்புறம் விலையை மூணு மடங்காப் போடுங்க. மதுரைக்காரங்க குடுத்துருவாக. பேச்சி தானா ஒதுங்கிக்கும். நானும் வாக்குத் தவறினவன் ஆக மாட்டேன்."

"அந்த வரியை எடுத்தா, நாளைக்கு அதுல வெல்டிங் வைக்கிறவனுக்கு யார் சொல்வாக தம்பி? விலையும் அம்புட்டுத்தான். பேச்சியம்மாளுக்கு ஒண்ணு, மதுரைக்கு ஒண்ணுன்னு வண்டிக்கு ரெண்டு விலை கிடையாது."

"எங்க கம்பெனி வேன் ஓட்டுற பொம்பளை, எங்க அப்பா ஊர்வலம் போன கார்ல, எங்க தெரு வழியாவே போகணும்ங்கீகளா?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. விலையும் இல்லை, மருந்தும் இல்லை. அந்தச் சீட்டில் யார் உட்காருவது என்பதுதான்.

"அவுக எந்தத் தெரு வழியாப் போவாகன்னு நான் அறிக்கையில எழுதல" என்றேன்.

கிழித்தார். நாலாக, எட்டாக. "இனிமே சிவகாசியில இருந்து ஒரு வண்டி உங்க கிட்ட விலைக்கு வராது, பாத்துக்கிடுங்க" என்றார். நான் காபியை முழுசாகக் குடித்துவிட்டு எழுந்தேன். கோபம் இல்லாமல் இல்லை, நிறைய இருந்தது. அதற்காகக் காபியை வீணாக்குவானேன்?

வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. எனக்கும் பயம் இருந்தது. என் வருமானத்தில் பாதி சிவகாசிதான். ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்று பிடிபட்டது. அந்த மனிதர் ஆயுத பூஜை அன்று 'எழுதிக் கொடுக்கும் விலை' என்று சொல்லவில்லை. 'வாயால் சொல்லும் விலை' என்றுதான் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். வேன்கள் வருகிற நேரம். சின்ன முதலாளி வாசலில் நின்று ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாளின் வேனும் வந்து நின்றது. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வேனுக்குள் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி விலையைச் சொன்னேன். மருந்து இருந்ததையும் சொன்னேன். கதவைக் கழுவ வேண்டும் என்பதையும் சொன்னேன். அறிக்கையில் இருந்த ஒரு சொல்லைக்கூட விடவில்லை.

"அண்ணாச்சி, இது நல்லா இல்ல" என்றார் முதலாளி.

"வாயால சொல்லச் சொன்னீக. சொல்லிட்டேன் தம்பி."

வேனில் இருந்து யாரும் இறங்கவில்லை. முன்சீட்டில் இருந்த வயசான அம்மா ஒருத்தர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "முதலாளி, பூசை அன்னிக்கு நாங்களும் அங்கனதானே நின்னோம். கேட்டோம்ல?"

பேச்சியம்மாள் இன்ஜினை அணைக்கவில்லை. வேலைக்கு ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் அலையும் காலம் அது. அந்த வேன் அப்படியே திரும்பி அடுத்த கம்பெனி வாசலில் நின்றால், இருபது பேரையும் அங்கே கைநீட்டி வாங்கிக்கொள்வார்கள். முதலாளிக்கு அது தெரியும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் பையில் இருந்து சாவியை எடுத்து வாட்ச்மேனிடம் கொடுத்தார்.

"பணத்தைக் கட்டச் சொல்லிட்டுக் குடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்போதுதான் பேச்சியம்மாள் இன்ஜினை அணைத்தார். பணம் மஞ்சள் பையில் அவர் சீட்டுக்கு அடியிலேயே தயாராக இருந்தது.

சின்ன முதலாளி சொன்னதைச் செய்கிறவர். இரண்டு வருடம் சிவகாசியில் இருந்து எனக்கு ஒரு வண்டி வரவில்லை. மல்லாங்கிணறு பக்கம் டிராக்டருக்கும் தண்ணீர் லாரிக்கும் விலை எழுதிக்கொண்டிருந்தேன். புழுதி அதிகம், ஃபீஸ் கம்மி, சாப்பாட்டுக்குக் குறையில்லை. யாரிடமும் போய் நிற்கவில்லை. நீங்களும் நிற்க வேண்டாம். விலை சொல்கிறவனுக்கு ஒரே ஒரு சொத்துதான், அவன் சொன்ன விலை. அதை ஒரு தடவை மாற்றினால், அப்புறம் உங்களுக்கு யார் வேண்டுமானாலும் விலை சொல்லிவிட்டுப் போவார்கள்.

கதவுகளைப் பற்றி நீங்கள் நினைப்பது சரிதான். கழற்றியபோது அவற்றுக்குள்ளும் மருந்து இருந்தது. பேச்சியம்மாள் கழுவிக் கொடுத்த பிறகுதான் வெல்டிங் வைத்தார்கள். சாமான்களை லேத்தில் கடைந்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து, கார் ஓட ஆறேழு மாதம் ஆனது. கோடையில் ஒரு நாள் சாயங்காலம் விருதுநகரில் என் வீட்டு வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஓப்பன் காரு. புதுத் துணிக்கூரை பின்னால் மடங்கிக் கிடந்தது. ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டு பேச்சியம்மாள்.

"ஏறுங்க சார். பருத்திச் சட்டைதானா?"

ஏறினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. சிவகாசி ரோட்டில் ஆமத்தூர் தாண்டியதும் வானம் கறுத்தது. அவர் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சிவகாசிக்குள் நுழைந்து, முதலாளி வீடு இருக்கும் தெரு வழியாகவே போய், விஸ்வநத்தம் பக்கம் திரும்பினார். கம்பெனி வாசலை நெருங்கும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. பெருந்துளி. மற்ற வேன்களுக்காகத் தார்ப்பாய்க்கு அடியில் ஒண்டி நின்ற பெண்கள் காரைப் பார்த்ததும் கூச்சல் போட்டார்கள். பேச்சியம்மாள் நிறுத்தினார். மூன்று பேர் ஓடிவந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள், மருந்துத் தட்டு அடுக்கிய அதே சீட்டில்.

என் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. "கூரையை ஏத்திரும்மா, எல்லாம் நனையுது" என்றேன்.

பேச்சியம்மாள் கியரைப் போட்டார்.

"நனையட்டும் சார். நனையக் கூடாததுன்னு இதுக்குள்ள இப்ப ஒண்ணுமே இல்ல."